நாலு டிஸ்க் பெட்டி வாங்குபவர்கள் ரெய்ட் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்

செங்கோட்டையில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். தென்காசி, கடையநல்லூர், மலைக்கு அந்தப் பக்கம் தென்மலை, புனலூர் வரை வேலை வரும். ஒரு கல்யாணத்துக்கே 400 ஜிபி ஆகிவிடுகிறது. அதனால் போன வருடம் கேரளப் பக்கம் ஒரு கடையில் நாலு டிஸ்க் போடும் பெட்டி வாங்கினேன். ஒவ்வொன்றும் 4 டிபி. ஒரு டிஸ்க் போனாலும் படம் போகக்கூடாது என்று தெளிவாகச் சொல்லித்தான் வாங்கினேன். "ரெய்ட் உண்டு அண்ணா, டேட்டா போகவே போகாது" என்றார் கடைக்காரர். பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே டிரைவாக ஓட்டும் முறைதான் ரெய்ட்; 0, 1, 5, 6, 10 என்று பல எண்கள், ஒவ்வொன்றும் வேறு மாதிரி. பில்லிலும் 'ரெய்ட்' என்று எழுதிக் கொடுத்தார். எந்த ரெய்ட் என்று எழுதவில்லை.

கணினியில் மாட்டியதும் 14.5 டிபி என்று காட்டியது. வேகமும் பிரமாதம். 4கே காட்சிகள் எடிட்டிங்கில் தடங்கலே இல்லாமல் ஓடின. ஏழு மாதம் நிம்மதியாக இருந்தேன்.

ஒரு சாரல் நாள் காலையில் பெட்டிக்குள்ளிருந்து 'டிக்... டிக்...' என்று சத்தம். மூன்றாவது விளக்கு சிவப்பு. கணினியில் அந்த டிரைவையே காணோம். கடைக்குப் போன் செய்தேன். ஒரு பையனை அனுப்பினார்கள். அவன் புது டிஸ்க் ஒன்றைச் சொருகி, "ரீபில்ட் பண்ணிடலாம் சேட்டா" என்று, அதாவது போன டிஸ்க்கில் இருந்ததைத் திரும்ப உருவாக்கிவிடலாம் என்று சொல்லிவிட்டு, ரெய்ட் 5 என்று புதிதாக அமைத்து ஃபுல் ஃபார்மட் ஓட விட்டுப் போய்விட்டான். மறுநாள் மதியம் வரை ஓடியது. அப்புறம் திறந்தால் பெட்டி காலி.

ஏழு மாதமும் அந்தப் பெட்டி ரெய்ட் 0 ஆக ஓடியிருக்கிறது. அதில் பாதுகாப்பு என்பதே கிடையாது. ஒவ்வொரு வீடியோவையும் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஆளுக்கொன்றாக நாலு டிஸ்க்கிலும் எழுதும். நாலும் சேர்ந்து வேலை செய்வதால்தான் அந்த வேகம். நாலில் எது போனாலும் மற்ற மூன்றில் இருப்பவை துண்டுகள் மட்டுமே. அதாவது ஒற்றை டிஸ்க்கை விட ஆபத்து அதிகம். 1988இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் இந்த ரெய்டை எழுதி வைத்தபோது 1 முதல் 5 வரைதான் இருந்தது. பூஜ்யம் பின்னால் ஒட்டிக்கொண்டது.

செத்த டிஸ்க்கின் ஹெட்டை (படிக்கும் முனையை) மாற்றி, நாலையும் சேர்த்து மீட்க வழி இருந்திருக்கும். மற்ற மூன்றின் மேலும் ஃபார்மட் ஓடியதில் அதுவும் போயிற்று. கொச்சியில் மீட்புக் கூடத்தில் கையை விரித்துவிட்டார்கள். போனது மூன்று கல்யாணம். அதில் தென்மலைப் பெண்ணின் அப்பா, கல்யாணம் முடிந்து நாற்பது நாளில் இறந்துவிட்டார். அவர் தாலியை எடுத்துக் கொடுக்கும் காட்சியை நான்தான் கிட்டே நின்று எடுத்தேன். அந்தப் பெண்ணிடம் இப்போது இருப்பது, பின்வரிசையிலிருந்து யாரோ போனில் பிடித்த துண்டு.

கடைக்காரர் சொல்லும் ஒரே பதில்: "நீங்கள் வேகம் கேட்டீர்கள்." நான் கேட்கவில்லை.

வாங்கியவுடன் பார்க்க வேண்டியது கொள்ளளவு. நாலு 4 டிபி டிஸ்க்குக்கு (மொத்தம் 16, விண்டோஸ் கணக்கில் அது 14.5) விண்டோஸில் முழு 14.5 காட்டினால் அது ரெய்ட் 0, அல்லது வெறுமனே ஒட்டுப்போட்ட டிஸ்க்குகள். ரெய்ட் 5 என்றால் 10.9தான் காட்டும். ரெய்ட் 6, ரெய்ட் 10 இரண்டும் 7.2 பக்கம். இடம் குறையாமல் பாதுகாப்பு வராது.

ரெய்ட் 5 மளிகைச் சிட்டை மாதிரி, தகவலோடு அதன் 'மொத்தத்தையும்' டிஸ்க்குகளில் எழுதி வைக்கும். மொத்தத் தொகை தெரிந்தால் அழிந்துபோன ஒரு வரியைக் கண்டுபிடித்துவிடலாம், இரண்டு வரி அழிந்தால் முடியாது. ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் பழைய தகவலையும் பழைய மொத்தத்தையும் படித்து, இரண்டையும் திரும்ப எழுத வேண்டும். ஒரு முறை எழுத நாலு வேலை. பெரிய வீடியோவை நீளமாகக் கொட்டும்போது அவ்வளவு தெரியாது, சின்னக் கோப்புகளில் நன்றாகத் தெரியும். இன்னொன்று: டிஸ்க் மாற்றியபின் ரீபில்ட் ஆகும்போது மீதி மூன்றையும் முழுக்கப் படிக்க வேண்டும், அதாவது 12 டிபி. பல சாதாரண டிஸ்க்குகளின் விவரத்தாளில், படிக்க முடியாத பிழை 12.5 டிபிக்கு ஒன்று வரை வரலாம் என்றே போட்டிருக்கும். ஒரே நாளில் வாங்கிய டிஸ்க்குகள் வேறு, ஒன்று போன சமயத்தில் இன்னொன்றும் போகலாம். ரெய்ட் 6 இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும், எழுதுவது இன்னும் மெதுவு.

நான் இப்போது ரெய்ட் 10க்கு மாறிவிட்டேன். இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, ஒன்றில் எழுதுவதை அப்படியே மற்றதிலும் எழுதும். ஒரே ஜோடியில் இரண்டும் போனால்தான் ஆபத்து; வேகமும் உண்டு. இந்த முறை தென்காசியில் வாங்கினேன். காசு கொடுக்கும் முன், வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க்கை உருவச் சொன்னேன். பெட்டி 'கீ' என்று கத்தியது, படம் நிற்கவில்லை. ஆனாலும் இடி விழுந்தாலோ, நாமே தவறி அழித்தாலோ எந்த ரெய்டும் காப்பாற்றாது. அதற்காக ஒரு தனி டிஸ்க்கில் நகல் எடுத்து மச்சான் வீட்டு பீரோவில் வைத்திருக்கிறேன்.

இந்தப் பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கிறவர்கள் உங்கள் பெட்டி எத்தனை டிபி காட்டுகிறது, உள்ளே எத்தனை டிஸ்க், ஒவ்வொன்றும் எத்தனை டிபி என்று கீழே எழுதுங்கள். பாதுகாப்பு உள்ள ரெய்டா இல்லையா என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன். சிவப்பு விளக்கு எரிந்தால் முதலில் பெட்டியை அணையுங்கள், ஃபார்மட் என்ற சொல்லை யார் எடுத்தாலும் கீபோர்டைக் கொடுக்காதீர்கள்.