கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட்டா, என்.எஸ்.ஆரா?

ரூட்டரின் மூளையான ரூட்டிங் எஞ்சினை இரண்டாக (ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்டாண்ட்பை) செருகிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. ஜூனிபர் எம்.எக்ஸ் ரூட்டரில் ஜி.ஆர்.இ.எஸ். (எஞ்சின் மாறும்போது பாக்கெட் ஓட்டத்தைக் காக்கும் வசதி) போட்டால், மாஸ்டர் விழுந்தாலும் லைன் கார்டுகள் (போர்ட்டுகள் உள்ள அட்டைகள்) ரீபூட் ஆகாமல் பாக்கெட்டைக் கடத்திக்கொண்டே இருக்கும். சரி, பக்கத்து ரூட்டர்களோடு ரூட்டுகளைப் பரிமாறும் பி.ஜி.பி. செஷன்கள்? அவை அறுந்துவிடும். அதைத் தடுக்க இருப்பவை கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட், என்.எஸ்.ஆர். (நான்-ஸ்டாப் ஆக்டிவ் ரூட்டிங்) என்ற இரண்டு வழிகள்; இரண்டையும் ஜூனிபரின் இயக்க மென்பொருளான ஜூனோஸில் சேர்த்துப் போட முடியாது. வெளி நெட்வொர்க்குகளோடு இணையும் எங்கள் எட்ஜ் ரூட்டர்களில் நான் போட்டது என்.எஸ்.ஆர்.

கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட் இலகுவானது, மெமரி அதிகம் தின்னாது. ஆனால் "கொஞ்சம் பொறு, என் ரூட்டுகளை அழித்துவிடாதே" என்று பக்கத்து ரூட்டரிடம் கேட்கிற ஏற்பாடு அது. எட்ஜில் பக்கத்து ரூட்டர் நம்முடையது இல்லையே! வாடிக்கையாளர், நமக்கு இணைப்பு தரும் அப்ஸ்ட்ரீம் என்று ஒவ்வொருவரும் அதை ஆன் செய்திருக்க வேண்டும். செஷன் தொடங்கும்போதுதான் இதைப் பேசி முடிவு செய்வார்கள் என்பதால், பிறகு ஆன் செய்தால் செஷனை ஒருமுறை அறுத்துக் கட்ட வேண்டும். கூடவே, எதிராளி உயிரோடு இருக்கிறாரா என்று சோதிக்கும் பி.எஃப்.டி.யை 300 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, மூன்று தவறினால் போச்சு என்று வைத்திருந்து, அது ரூட்டிங் எஞ்சினிலேயே ஓடினால், ஒரு செகண்டுக்குள் எதிராளி நம்மைச் செத்தவர் கணக்கில் எழுதிவிடக்கூடும். உள் நெட்வொர்க்குக்கான ரூட்டிங் ப்ரோட்டோகாலான ஓ.எஸ்.பி.எஃப்.பில் இடையில் டோபாலஜி (இணைப்பு அமைப்பு) மாறினாலும் பக்கத்து ரூட்டர் பொறுக்காது.

என்.எஸ்.ஆரில் இந்தக் கெஞ்சல் கிடையாது. ஸ்டாண்ட்பையிலும் ரூட்டிங் ப்ராசஸ் ஓடி, செஷன் நிலையை உடனுக்குடன் வாங்கி வைத்துக்கொள்ளும். எஞ்சின் மாறியதே எதிராளிக்குத் தெரியாது. பதிலுக்கு, கமிட் சின்க்ரனைஸ் (கன்ஃபிக் மாற்றத்தை இரண்டு எஞ்சினிலும் ஒன்றாகப் பதிவது) கட்டாயம். இரண்டு எஞ்சினிலும் ஒரே ஜூனோஸ் வெர்ஷன் இருக்க வேண்டும். மாஸ்டர் பொறுப்பை ஸ்டாண்ட்பைக்கு மாற்றுவதற்கு முன் மாஸ்டரில் 'ஷோ டாஸ்க் ரெப்ளிகேஷன்' அடித்து, ஒவ்வொரு ப்ரோட்டோகாலுக்கும் 'கம்ப்ளீட்' வந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஸ்டாண்ட்பைக்குள் போய் 'ஷோ சிஸ்டம் ஸ்விட்ச்ஓவர்'. அதில் 'ஸ்டெடி ஸ்டேட்' வராமல் கை வைக்காதீர்கள்.

மல்டிகாஸ்ட் (ஒரே தரவைப் பலருக்கு ஒருசேர அனுப்புவது) எங்களிடம் சொற்பம், அதனால் அதில் இது எப்படி என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஒற்றை எஞ்சின் பெட்டி என்றால் கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட்தான், வேறு வழியில்லை.

இன்னொன்று: எஞ்சின் நன்றாக இருக்க, ரூட்டிங் ப்ராசஸ் மட்டும் கிராஷ் ஆனால் என்.எஸ்.ஆர். தானாக மாறாது. 'ஸ்விட்ச்ஓவர் ஆன் ரூட்டிங் கிராஷ்' என்ற வரியையும் தனியாகச் சேர்க்க வேண்டும்.