மாட்டுங்கா வழக்கறிஞர் அலுவலகம்: சொசைட்டி பில் தகராறுக்கு நம்பிப் போகலாம்

மும்பை செம்பூரில் உள்ள வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, கணவரை இழந்த என் சித்தி கோவையில் மகளோடு இருக்கிறார். அவருக்கு மராத்தி படிக்கத் தெரியாது. அந்தக் குடியிருப்பின் கூட்டுறவு சங்கமான சொசைட்டி, உரிமையாளர் குடியிருக்காமல் வாடகைக்கு விட்டதற்காக வாங்கும் ‘நான்-ஆக்குபன்சி சார்ஜ்’ என்று மாதம் 3,000 ரூபாய் போட்டு, வட்டிக்கு வட்டியும் ஏற்றி, வீட்டை ஏலம் விடுவோம் என்று மிரட்டியது. வயதானவரிடம் இப்படியா நடந்துகொள்வது!

வழக்கறிஞர் பில்லை மேசையில் விரித்து, பென்சிலால் வரிவரியாக அடிக்கோடிட்டார். “சர்வீஸ் சார்ஜ் 1,200 ரூபாய். நான்-ஆக்குபன்சி சார்ஜாக அதில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2001-லேயே மகாராஷ்டிர அரசு ஆணை போட்டுவிட்டது. 120 ரூபாய்தான் அம்மா” என்று ஓரத்தில் எழுதிக் காட்டினார். நிலுவைக்குத் தனிவட்டிதான், கூட்டுவட்டி கிடையாது. கூட்டுறவுப் பதிவாளரின் வசூல் சான்றிதழ் இல்லாமல் செயலாளர் தானாக ஏலம் விடவும் முடியாது என்றார். சித்தியின் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது.

சொசைட்டிக்கு அனுப்பிய கடிதத்தை முழுவதும் தமிழில் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்கினார். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு என்பதையும் அவரே சொன்னார். தன் வருமானம் போகும் என்று தெரிந்தும் சொன்ன அந்த நேர்மைக்காகவே இதை எழுதுகிறேன்.

குறை ஒன்று: அலுவலகம் இரண்டாவது மாடியில், லிஃப்ட் இல்லை. மூட்டுவலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால் கீழே இறங்கி வருகிறார்.

கட்டணத்தை சொசைட்டி 120 ரூபாயாகத் திருத்திவிட்டது. வட்டி விவகாரம் துணைப் பதிவாளரிடம் இருக்கிறது.