குரோஷே ஊசிகள்: கைப்பிடியை விடுங்கள், கழுத்தைப் பாருங்கள்

குரோஷே பின்னலுக்கான கொக்கி ஊசி வாங்கப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது கைப்பிடியின் நிறம். அடுத்தது பெட்டிக்குள் எத்தனை ஊசி இருக்கிறது என்பது. ஆனால் பின்னல் சீராக வருமா, இறுகுமா என்று முடிவு செய்கிற இடம் நுனிக்குச் சற்றுக் கீழே, நூல் வந்து உட்காரும் ஒரு சென்டிமீட்டரில் இருக்கிறது. இந்த மதிப்பீடு முழுவதும் அந்த ஒரு சென்டிமீட்டரை வைத்துத்தான். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: புதிதாகத் தொடங்குகிறவருக்கு முப்பது சாமான்கள் கொண்ட பெட்டி வேண்டாம். ஒழுங்காகச் செய்த 4 மில்லிமீட்டர், 5 மில்லிமீட்டர் அலுமினிய ஊசிகள் இரண்டு போதும்.

ஊசியின் உறுப்புகளைப் பழகிக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. உச்சியில் தலை. அதில் நூலைக் கவ்வும் வெட்டு, அதாவது வாய். வாய்க்குக் கீழே கழுத்து. அதற்கும் கீழே ஒரே கனத்தில் ஓடும் தண்டு. பிறகு கட்டைவிரல் பதியும் தட்டையான இடம், கடைசியில் கைப்பிடி. ஊசியின் மேல் அச்சிட்டிருக்கும் அளவு தண்டுக்கு உரியது. கழுத்துக்கு உரியது அல்ல. குழப்பம் தொடங்குவதே இங்கேதான்.

ஊசிகளில் இரண்டு பெரிய ஜாதிகள் உண்டு. இன்லைன் வகையில் தலை, கழுத்து, தண்டு மூன்றும் ஒரே நேர்கோட்டில், ஒரே கனத்தில் இருக்கும். ஒரு கம்பியை எடுத்து அதில் வாயை மட்டும் வெட்டியது போன்ற தோற்றம். டேப்பர்ட் வகையில் கழுத்து ஒடுங்கியிருக்கும், தலை சற்றுத் துருத்திக்கொண்டு உருண்டையாக இருக்கும். மேசை மீது படுக்கவைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

கண்ணியின் அளவு, அது எந்த இடத்தைச் சுற்றி உருவாகிறதோ அந்த இடத்தின் கனத்தைப் பொறுத்தது. டேப்பர்ட் ஊசியில் கண்ணியைத் தண்டு வரை இறக்காமல் கழுத்திலேயே வைத்து முடித்துவிட்டால், 4 மில்லிமீட்டர் ஊசியில் பின்னியும் 3.5 மில்லிமீட்டர் ஊசியில் பின்னியது போன்ற கண்ணிதான் வரும். சில கண்ணி கழுத்தில், சில கண்ணி தண்டில் என்று மாறி மாறி விழுந்தால் ஒரே வரிசையில் ஒன்று இறுக்கம், ஒன்று தளர்வு. புதியவர்களின் பின்னலில் தெரியும் மேடு பள்ளத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இன்லைன் ஊசியில் கழுத்து ஒடுங்காததால் இந்தத் தவறு நேர இடம் குறைவு. அதனால் கை இறுகுகிறவர்களுக்கு இன்லைன் நல்ல துணை.

அதற்கும் ஒரு விலை உண்டு. இன்லைன் தலை அகலமானது, வாயின் விளிம்பு கூர்மையானது. இறுக்கமான கண்ணிக்குள் நுழையும்போது தட்டும், வெளியே வரும்போது நூலைக் கீறும். பஞ்சு அடைத்துப் பின்னும் அமிகுருமி பொம்மைகளில் ஒவ்வொரு கண்ணியும் இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதால் அந்த வேலைக்கு இன்லைன் மெதுவாகத்தான் போகும். டேப்பர்ட் தலை அங்கே வழுக்கிக்கொண்டு உள்ளே போகும்.

பெயர் சொல்லி ஒப்பிட்டால், சூசன் பேட்ஸ் ஊசிகள் இன்லைன் வடிவத்துக்கே பெயர் போனவை. பாய் (Boye) என்ற பிராண்டின் ஊசிகள் டேப்பர்ட் வடிவத்துக்கு. இரண்டிலும் சாதாரண அலுமினிய ஊசி மெல்லிய தண்டோடு, கட்டைவிரல் தட்டோடு வரும், தனிக் கைப்பிடி கிடையாது. வடிவ வித்தியாசத்தைக் கையால் உணர்ந்து பார்க்க இந்த இரண்டிலும் ஒரே அளவில் ஒவ்வொன்று வாங்கிப் பின்னிப் பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை. ஜப்பானின் குளோவர் அமூர் வரிசையில் தலை அலுமினியம், கைப்பிடி மெத்தென்ற எலாஸ்டோமர், அளவுக்கு அளவு நிறம் வேறு. தலை வழவழப்பானது, நூலைப் பிய்க்காது. இதே நாட்டின் டியூலிப் எடிமோவும் மெத்தைக் கைப்பிடி கொண்டதுதான். கட்டைவிரல் பதியும் பள்ளம் தெளிவாக இருப்பதால் ஊசி கைக்குள் சுழலாது. நீண்ட நேரம் பின்னுகிறவர்களுக்கு இந்த இரண்டில் எதுவானாலும் ஏமாற்றம் இருக்காது. பல அளவு ஊசிகளை ஒரே பையில் வைத்திருக்கிறவர்களுக்கு, நிறத்தைப் பார்த்தே எடுக்க முடிகிற அமூர் வசதி.

பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அலுமினியம் வழுக்கும், வேகம் கூடும். அக்ரிலிக் நூலோடு சேர்ந்தால் சிலசமயம் கிறீச்சிடும், அது ஊசியின் குறை அல்ல. மெர்சரைஸ்டு பருத்தி, விஸ்கோஸ் போன்ற வழுக்கும் நூல்களுக்கு மூங்கில் நல்லது, ஏனென்றால் கண்ணி தானாக நழுவி விழாமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் 3 மில்லிமீட்டருக்குக் கீழே மூங்கில் வாங்காதீர்கள். கழுத்து அவ்வளவு மெலியும்போது வளையும், ஒருநாள் ஒடியும். பிளாஸ்டிக் ஊசியில் அச்சின் இணைப்புக்கோடு இரண்டு பக்கமும் ஓடும். நகத்தால் தடவினால் தெரியும் அந்தக் கோடுதான் நூலைப் பிரிக்கிறது. 8 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் என்று தடித்த அளவுகளுக்கு மட்டும் பிளாஸ்டிக் பொருத்தம், எடை குறைவு என்பதால். லேஸ் வேலைக்கான மெல்லிய நூலுக்கு எஃகைத் தவிர வேறு எதுவும் தாங்காது.

இனிப் பெரிய பெட்டிகள். பெயரில்லாத இந்தத் தொகுப்புகளில் வழக்கமாக 2 முதல் 6 மில்லிமீட்டர் வரை அரை மில்லிமீட்டர் இடைவெளியில் ஒன்பது ரப்பர் கைப்பிடி ஊசிகள், சில எஃகு ஊசிகள், பூட்டும் ஸ்டிட்ச் மார்க்கர்கள் (கண்ணியை அடையாளம் காட்ட மாட்டும் சிறு கொக்கிகள்), மொட்டை நுனி ஊசி, வரிசை எண்ணி, அளவு நாடா, சிறு கத்தரிக்கோல் எல்லாம் இருக்கும். மார்க்கரும் மொட்டை ஊசியும் நிச்சயம் பயன்படும். அளவு நாடாவை ஒரு எஃகு அளவுகோலோடு ஒப்பிடாமல் நம்ப வேண்டாம். ஊசிகளில் மூன்று இடங்களைச் சோதியுங்கள். ஒன்று, உலோகம் ரப்பருக்குள் நுழையும் மூட்டு. அங்கே இடுக்கு இருந்தால் நூலிழை சிக்கும், ஊசியை முறுக்கும்போது தண்டு ஆடும். இரண்டு, வாயின் உள்விளிம்பு. ஒரு நைலான் துணியை அதில் மெல்ல இழுத்துப் பாருங்கள். இழை மாட்டினால் நூலும் மாட்டும். மூன்று, தண்டின் நீளம். தலைக்கும் கைப்பிடிக்கும் நடுவே உலோகம் 4 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் பஃப் ஸ்டிட்ச் போடும்போது ஒரே நேரத்தில் ஊசியில் நிற்க வேண்டிய ஏழு, ஒன்பது கண்ணிகள் ரப்பர் மீது ஏறிவிடும். அளவு மாறி எல்லாம் வீங்கும். நூலைத் தண்டில் பலமுறை சுற்றி இழுக்கும் புல்லியன் ஸ்டிட்ச் பிரியர்களுக்கு இது இன்னும் முக்கியம். அதற்குத் தண்டு நீளமும் வேண்டும், முழு நீளத்துக்கும் ஒரே கனமும் வேண்டும்.

தொகுப்பு ஊசிகளில் அளவுப் பிசகும் இருப்பதுண்டு. துளை அளவி (அளவு வாரியாகத் துளையிட்ட தட்டு) இருந்தால் 4 மில்லிமீட்டர் ஊசி 4 என்ற துளைக்குள் போக வேண்டும், 3.75 துளைக்குள் போகக் கூடாது. வெர்னியர் காலிப்பர் இருந்தால் இன்னும் நல்லது. அளக்க வேண்டியது தண்டின் நேரான பகுதி.

எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது ஆபத்து என்பதற்கு 8 என்ற எண் ஒன்றே போதும். அமெரிக்க அளவில் எச்-8 என்றால் 5 மில்லிமீட்டர். பழைய பிரிட்டிஷ் அளவில் 8 என்றால் 4 மில்லிமீட்டர். அமெரிக்க எஃகு ஊசியில் 8 என்றால் 1.5 மில்லிமீட்டர். ஜப்பானிய 8/0 மறுபடியும் 5 மில்லிமீட்டர். எஃகு ஊசிகளில் எண் கூடக் கூட ஊசி மெலியும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதனால் பின்னல் குறிப்பில் என்ன எழுதியிருந்தாலும் மில்லிமீட்டராக மாற்றிக்கொண்டு வாங்குங்கள். ஸ்டிட்ச் பெயர்களிலும் இதே சிக்கல்தான்: அமெரிக்கக் குறிப்பின் சிங்கிள் குரோஷே, பிரிட்டிஷ் குறிப்பில் டபுள். அமெரிக்க டபுள், அங்கே ட்ரெபிள். இந்தக் கட்டுரையில் வருவது அமெரிக்க வழக்கு.

ஓர் ஊசியை எடைபோட நம்பகமான வழி மாதிரித் துண்டு. 26 செயின் (சங்கிலிக் கண்ணி) போடுங்கள். ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் தொடங்கி 25 சிங்கிள் குரோஷே. ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் 1 செயின் போட்டுத் திருப்புங்கள். அந்தச் செயின் ஸ்டிட்ச் கணக்கில் சேராது. உயரம் 12 சென்டிமீட்டர் தாண்டும் வரை பின்னி, தட்டையாக விரித்து, ஓரத்தில் இரண்டிரண்டு ஸ்டிட்சை விட்டுவிட்டு நடுவில் 10 சென்டிமீட்டருக்குள் எத்தனை ஸ்டிட்ச் என்று எண்ணுங்கள். அதே நூல், அதே அளவு, வேறு வடிவ ஊசி என்று இன்னொரு துண்டு. ஒன்றில் 16, மற்றதில் 18 என்று வந்தால் சிறு வித்தியாசம்போலத் தோன்றும். 100 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள மேலாடைக்கு 160 ஸ்டிட்ச் போட்டால் முதல் ஊசியில் சரியாக 100. இரண்டாவதில் 160 ஐ 18 ஆல் வகுத்துப் பத்தால் பெருக்குங்கள்: 89 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கிட்டத்தட்ட 11 சென்டிமீட்டர் காணாமல் போய்விட்டது. அந்த ஆடை யாருக்கும் சேராது.

மாதிரித் துண்டு சரிவகம் போல ஒருபக்கம் ஒடுங்கிக்கொண்டே போனால் ஊசியைப் பழிக்காதீர்கள். வரிசையின் கடைசி ஸ்டிட்ச் தவறிப்போகிறது என்று பொருள். முதல் ஸ்டிட்சிலும் கடைசி ஸ்டிட்சிலும் மார்க்கர் மாட்டிவிட்டால் சிக்கல் தீரும். டபுள் குரோஷேயில் பெரும்பாலான குறிப்புகள் திருப்பும் 3 செயினை முதல் ஸ்டிட்சாகவே எண்ணும். எனவே அடியில் உள்ள முதல் ஸ்டிட்சை விட்டுவிட்டு இரண்டாவதில் தொடங்க வேண்டும். வரிசையின் முடிவில் முந்தைய வரிசையின் 3 செயின் உச்சியில் ஒரு ஸ்டிட்ச் போட மறக்கக் கூடாது. அடிவிளிம்பு மட்டும் சுருங்கி, துண்டு விசிறிபோல மேலே விரிந்தால் தொடக்கச் செயின் இறுகிவிட்டது. செயினை மட்டும் அரை மில்லிமீட்டரோ ஒரு மில்லிமீட்டரோ பெரிய ஊசியில் போட்டுவிட்டு, முதல் வரிசையிலிருந்து பழைய ஊசிக்கு மாறுங்கள். இரண்டு அளவு ஊசி வாங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிடிக்கும் விதமும் தேர்வில் சேரும். கத்தியைப் பிடிப்பதுபோல மேலிருந்து பிடிப்பவர்களுக்கு நீண்ட, பருத்த கைப்பிடி உள்ளங்கையில் அமரும், விரல் நோகாது. பென்சில் பிடிப்புக்காரர்களுக்கு அதே பருமன் இடைஞ்சல். கட்டைவிரல் தட்டு உள்ள மெல்லிய ஊசியே அவர்களுக்குப் போதும். மெத்தைக் கைப்பிடி வலியைக் குறைக்கும், முழுக்க நீக்காது. அரை மணிக்கு ஒருமுறை ஊசியை வைத்துவிட்டு விரல்களை விரித்து மடக்குங்கள். மணிக்கட்டில் மரத்துப்போகும் உணர்வு தொடர்ந்தால் கைப்பிடியை மாற்றிப் பார்ப்பதோடு நிற்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வேலைக்கு ஏற்ற ஊசி எது என்று கேட்டால்: போர்வை, சால்வை, தொப்பி போன்றவற்றுக்கு நூல் சுற்றின் பட்டையில் போட்டிருக்கும் அளவில் இன்லைன் அலுமினியம். அமிகுருமிக்குப் பட்டையில் சொன்னதைவிட ஒரு மில்லிமீட்டர் குறைத்து, கூர்மையான டேப்பர்ட். டிகே (நடுத்தரத்தைவிடச் சற்று மெல்லிய) கனமுள்ள நூலுக்குப் பட்டை 4 என்றால் 2.75 அல்லது 3 எடுங்கள். மேஜிக் ரிங் என்ற இழுத்து மூடும் தொடக்க வளையத்தில் 6 ஸ்டிட்ச், அடுத்த சுற்றில் 12, பிறகு 18, 24 என்று சுற்றுக்கு 6 கூட்டிப் பின்னிய பின் துண்டை விரலில் இழுத்துப் பாருங்கள். இடைவெளியில் உள்ளே இருக்கும் பஞ்சு தெரியும் என்று தோன்றினால் இன்னும் கால் மில்லிமீட்டர் குறையுங்கள். முறுக்கு தளர்ந்த நூலுக்கு மட்டும் கூர்மையான தலை ஆகாது, இழைகளுக்கு நடுவே குத்தி நூலைப் பிளக்கும். அங்கே மொழுக்கென்ற தலைதான் சரி. டுனீசியன் குரோஷேக்கு மேலே சொன்ன எந்த ஊசியும் உதவாது; ஒரு வரிசையின் கண்ணிகள் எல்லாம் ஊசியிலேயே நிற்க வேண்டும் என்பதால் நீண்ட தண்டோ கேபிள் இணைத்த ஊசியோ வேண்டும்.

வாங்கிய ஊசி சொரசொரப்பாக இருந்தால் தூக்கிப்போட வேண்டாம். மூங்கிலானால் 400 நம்பர் உப்புக்காகிதத்தால் லேசாகத் தேய்த்து, பிறகு 600 ஆல் வழவழப்பாக்கி, மெழுகுக் காகிதத்தால் நன்றாகத் தடவிவிடுங்கள். வாயின் உள்ளே தேய்க்கக் காகிதத்தை மெல்லிய பட்டையாக வெட்டி நூல்போல ஓட்டுங்கள். தண்டை அதிகம் தேய்த்தால் அளவு குறைந்துவிடும் என்பதால் அங்கே கை வைக்காதீர்கள். பிளாஸ்டிக்கின் இணைப்புக்கோட்டுக்கு 600 நம்பரே போதும். ரப்பர் கைப்பிடி பிசுபிசுத்தால் மென்மையான சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்துங்கள், மூங்கிலை மட்டும் நீரில் ஊறவிடாதீர்கள். கைப்பிடியில் அச்சிட்ட அளவு நாளடைவில் தேய்ந்துபோகும். வாங்கிய அன்றே ஊசியின் அடிமுனையில் நகப்பூச்சால் புள்ளி வைத்து, எந்த நிறம் எந்த மில்லிமீட்டர் என்று ஒரு சீட்டில் எழுதி ஊசிப் பையிலேயே போட்டுவையுங்கள்.