கோட்டை மலையடிவாரத்தில் ‘சொகுசு லாஃப்ட் வீடு’: முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பக்கம், கோட்டை மலையைப் பார்த்தபடி எழும்பிவரும் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் ‘சொகுசு லாஃப்ட் வீடு’ என்று, அதாவது கூடத்துக்கு மேலே இடையில் ஒரு தட்டுப் போட்டு அதில் படுக்கையறை வைத்த வீடு என்று விற்கப்படும் வீடுகளின் மேல்தட்டு, அனுமதி பெற்ற வரைபடத்தில் குடியிருக்கும் இடமாகக் காட்டப்படவில்லை. சாமான் போட்டுவைக்கும் பரணாகத்தான் காட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பரணுக்கும் சதுர அடிக்கு 5,200 ரூபாய் வீதம் கணக்குப் போட்டு, எங்களிடம் 20 லட்சம் ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். எங்கள் மனு விசாரணையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் இதே பாணி விற்பனை ஓசூரிலும் தருமபுரியிலும் தலையெடுக்க வெகுநாள் ஆகாது என்பதால், நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

விற்பனைக் கையேடு மிக அழகாக இருந்தது. முதல் பக்கத்தில் நியூயார்க்கின் சோஹோ பகுதிப் படம், அடுத்த பக்கத்தில் கோட்டை நிற்கும் நம் சையத் பாஷா மலை. சோஹோவில் லாஃப்ட் வீடு என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே வார்ப்பிரும்புத் தூண்களும் பெரிய சன்னல்களும் கொண்ட பழைய ஆலைகளும் கிடங்குகளும் காலியானபோது, ஓவியர்களும் சிற்பிகளும் அவற்றில் குடியேறினார்கள். 1973ஆம் ஆண்டு அந்தப் பகுதியையே பாதுகாக்கப்பட்ட வரலாற்றுப் பகுதியாக அறிவித்தார்கள். இயந்திரங்களுக்காகக் கட்டிய உயரம் என்பதால் இடையில் ஒரு தட்டுப் போட்டாலும் மேலேயும் கீழேயும் ஆள் நிமிர்ந்து நடக்கலாம். இங்கே அப்படி ஓர் ஆலையும் இல்லை, கிடங்கும் இல்லை. பழைய ஓட்டு வீடு ஒன்றை இடித்துவிட்டுப் புதிதாகக் காங்கிரீட் கட்டடம் எழுப்பி, வெளிச்சுவரில் செங்கல் நிற ஓடு ஒட்டுவதுதான் திட்டம். 1791இல் ஆங்கிலேயத் தளபதி மாக்ஸ்வெல்லின் படை பேட்டையைப் பிடித்தும் மலைக்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பிய கதையும், அடுத்த ஆண்டு உடன்படிக்கையால் இந்த வட்டாரமான பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போன கதையும் கையேட்டில் இரண்டு பக்கம் இருந்தன. கட்டடத்தின் உள்உயரம் எத்தனை அடி என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

மாதிரி வீட்டைக் கட்டடத்துக்குள் காட்டவில்லை. நாங்கள் போனபோது அங்கே தூண்கள்தான் எழும்பியிருந்தன. பெங்களூரு சாலையில் தகரக் கொட்டகை ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதற்குள் பதினாறு அடி உயரத்தில் ஒரு வீட்டை அமைத்திருந்தார்கள். மேலே படுக்கையறை, அதற்குப் போகச் சாய்வான இரும்புப் படிக்கட்டு, கீழே கூடம். “அம்மா, மேலே ஏறிப் பாருங்க, உங்க பசங்க பெங்களூருலருந்து வந்தா இங்கேதான் தங்குவாங்க” என்று என் மனைவியிடம் விற்பனைப் பிரதிநிதி சொன்னார். முழங்கால் வலியுள்ள அவர் அந்தப் படியில் ஏறவில்லை. நான் ஏறிப் பார்த்தேன், தலை இடிக்கவில்லை.

விலைக் கணக்கு இப்படி இருந்தது: சூப்பர் பில்ட்-அப் பரப்பு, அதாவது சுவர்களையும் படிக்கட்டு போன்ற பொது இடங்களின் பங்கையும் சேர்த்த பரப்பு, 1,480 சதுர அடி, அதில் மேல்தட்டு 310 சதுர அடி, மொத்த விலை 76 லட்சத்து 96 ஆயிரம். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவில் அதே வீட்டின் கார்பெட் ஏரியா, அதாவது வெளிச்சுவரும் பால்கனியும் நீங்கலாக உள்ளே நாம் உண்மையில் புழங்கும் தரைப்பரப்பு, 790 சதுர அடி. விலையை அந்தப் பரப்பால் வகுத்தால் சதுர அடிக்கு 9,700 ரூபாய்க்கு மேல் வருகிறது. கிருஷ்ணகிரியில் வீடு வாங்கி விற்றவர்களிடம் இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

உண்மை வெளிவந்தது வங்கிக் கடனுக்குப் போனபோதுதான். வங்கி அனுப்பிய மதிப்பீட்டுப் பொறியாளர் அனுமதி வரைபடத்தை விரித்து வைத்து, தளத்துக்குத் தளம் உயரம் 3.8 மீட்டர் என்று காட்டினார். பன்னிரண்டரை அடி. தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி பரணுக்குக் கீழே குறைந்தது 2.2 மீட்டர் உயரம் விட வேண்டும். பரணின் உயரம் 1.5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதைப் பொருள் சேமிக்கத்தான் பயன்படுத்த வேண்டும். வரைபடத்தில் இருந்த அளவுகள் இந்த வரம்புக்குள் கச்சிதமாகப் பொருந்தின. அதாவது, வரைந்தவருக்கு அது பரண் என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது. “சார், இதுல உட்காரத்தான் முடியும், நிக்க முடியாது, இந்த 310 அடிக்கு வங்கி ஒரு பைசா மதிப்புப் போடாது” என்று அவர் சொன்னார். அந்த 310 சதுர அடிக்கு எங்களிடம் போட்ட விலை 16 லட்சத்து 12 ஆயிரம் ரூபாய். சித்திரை வெயிலில் காங்கிரீட் கூரைக்கு ஐந்தடி கீழே மனிதர் படுத்துத் தூங்குவது எப்படி என்ற கேள்வி தனி.

நிறுவனத்தாரிடம் கேட்டபோது, முதலில் வரைபடம் பழையது என்றார்கள். திருத்திய வரைபடத்தைக் கேட்டதும், நகர் ஊரமைப்புத் துறையில் நிலுவையில் இருக்கிறது என்றார்கள். விண்ணப்பித்த ஒப்புகைச் சீட்டைக் கேட்டதும் பதில் நின்றது. அதன் பிறகு வந்த கடிதத்தில், முன்பதிவை ரத்து செய்தால் முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொள்வோம் என்று எழுதியிருந்தார்கள்.

இங்கேதான் பலரும் பயந்து அடங்கிப்போகிறார்கள். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பிரிவு 13இல், விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. எங்களிடம் வெறும் ரசீதின் பேரில் கால்பங்குக்கும் மேல் வாங்கியிருக்கிறார்கள். அதுவும் திட்டத்தின் கணக்கில் அல்ல, விற்பனை முகவர் நிறுவனத்தின் நடப்புக் கணக்கில். வாங்குபவர்கள் கட்டும் பணத்தில் எழுபது சதவீதத்தை அந்தத் திட்டத்துக்கென்று தனி வங்கிக் கணக்கில் போட்டு, நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்பதைக் காசோலை எழுதும் நேரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிவு 12 இன்னும் நேரடியானது: விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பி முன்பணம் கட்டியவர், அதில் சொன்னது பொய் என்றால், முழுப் பணத்தையும் வட்டியுடனும் இழப்பீட்டுடனும் திரும்பப் பெறலாம். எனவே, ‘பாதியைப் பிடித்துக்கொள்வோம்’ என்ற கடிதத்தைப் பார்த்துக் கலங்க வேண்டியதில்லை. விளம்பரத்தில் ரெரா பதிவு எண்ணையும் ஆணையத்தின் இணைய முகவரியையும் தெளிவாக அச்சிட வேண்டும் என்ற விதியும் உண்டு. எங்களுக்குக் கொடுத்த கையேட்டில் இரண்டுமே இல்லை.

கோட்டையைக் காட்டி விற்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள எந்தச் சின்னத்தையும் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை முன் அனுமதி வேண்டும். கிருஷ்ணகிரிக் கோட்டை அப்படிப்பட்ட சின்னம். மனை எந்த எல்லைக்குள் வருகிறது என்று எழுத்தில் கேட்டோம். இன்று வரை பதில் இல்லை. மலையடிவாரத்தில் மனையோ வீடோ வாங்குபவர்கள் இந்தத் தூரத்தை அளந்து எழுத்தில் வாங்காமல் நகரக் கூடாது.

வில்லங்கச் சான்றும் தாய்ப்பத்திரமும் சரியாக இருந்தன என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன். வழக்கறிஞர் பார்த்துக் குறையில்லை என்றுதான் சொன்னார். நிலத்தின் உரிமையில் கோளாறு இல்லாத இடத்தில் கட்டடத்தின் அளவில் கோளாறு செய்வதுதான் இப்போதைய வழி போலும். ஆகவே பத்திரத்தை வழக்கறிஞரிடம் காட்டுவது போலவே, அனுமதி வரைபடத்தை, குறிப்பாக அதன் குறுக்குவெட்டுத் தோற்றத்தை, உங்களுக்குத் தெரிந்த ஒரு கட்டடப் பொறியாளரிடம் காட்டுங்கள். உயரம் அதில்தான் இருக்கும். எட்டு வீடுகளுக்கு மேலோ 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ எழும் எந்தத் திட்டத்துக்கும் ரெரா பதிவு கட்டாயம் என்பதால், வீட்டுவாரியான கார்பெட் ஏரியாவைத் தமிழ்நாடு ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம்.

நாங்கள் முழுப் பணத்தையும் வட்டியுடன் கேட்டு ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். அதே கட்டடத்தில் முன்பணம் கட்டியவர்கள் கையேட்டையும் ரசீதையும் முகவருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள். மாதிரி வீட்டில் எடுத்த புகைப்படம் இருந்தால் அதையும் வைத்திருங்கள், ஏனென்றால் பெங்களூரு சாலைக் கொட்டகையை அவர்கள் இப்போது பிரித்துவிட்டார்கள்.