பழைய லேப்டாப்புக்கு மின்ட்டா, உபுண்டுவா?

கோத்தகிரி, குன்னூர் பக்கம் பழைய லேப்டாப்பை ஓரங்கட்ட மனமில்லாதவர்கள் கேட்பது இதுதான். மின்ட், உபுண்டு இரண்டும் விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் இயங்குதளங்கள்.

ரேம்: மின்ட்டின் இலகுவான வடிவமான எக்ஸ்எஃப்சிஇ 2 ஜிபியிலும் ஓடும், 4 இருந்தால் நிம்மதி. உபுண்டு 24.04-க்கு 4 ஜிபி நெருக்கடிதான். பிரவுசரில் நாலு டேப் திறந்தால் திணறும்.

பழக்கம்: மின்ட் விண்டோஸ் மாதிரி, கீழே மெனு. உபுண்டுவில் இடப்பக்கப் பட்டை.

அப்டேட்: மின்ட் 22, உபுண்டு 24.04 இரண்டுக்கும் 2029 வரை.

வைஃபை: பிராட்காம் சிப் என்றால் இரண்டிலும் தகராறு வரலாம். நிறுவும் முன் பென்டிரைவிலிருந்தே லைவாக ஓட்டிப் பாருங்கள். வைஃபை கிடைக்கவில்லையா? மொபைலை யூஎஸ்பி டெதரிங்கில் (கேபிள் வழியே மொபைல் நெட்டைப் பகிர்வது) இணைத்து, சிப்பை இயக்கும் டிரைவர் மென்பொருளை இறக்கலாம்.

அடிக்கடி உறைந்தால் லினக்ஸைத் திட்டாதீர்கள். முதலில் மெம்டெஸ்ட் என்ற சோதனை நிரலை ஓட்டி ரேமைச் சோதியுங்கள்.

4 ஜிபி மெஷினா, மின்ட். 8 ஜிபியும் எஸ்எஸ்டியும் உண்டா, உபுண்டு தாராளமாக. எதுவானாலும் மழைக்காலத்தில் பேட்டரி செத்த லேப்டாப்பில் யுபிஎஸ் இல்லாமல் நிறுவ உட்காராதீர்கள். பாதியில் கரண்ட் போகும்.