சிறார் நீதிமன்றம் பரிந்துரைத்த குடும்பவழிச் சிகிச்சை: ஒரு தாய்மாமனின் மதிப்புரை

கஞ்சா வைத்திருந்ததற்காகவும், அதை வாங்கப் பணம் தேடிச் செய்த சிறு திருட்டுக்காகவும் சிறார் நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்ட என் தங்கை மகனைக் காப்பகத்துக்கு அனுப்பாமல், வீட்டிலேயே வைத்துக் குடும்பத்தோடு சேர்த்துச் சிகிச்சை அளிக்கும் ஒரு சேவைக்கு நீதிமன்றம் பரிந்துரைத்தது. தாய்மாமன் என்ற முறையில் அதன் அமர்வுகள் பலவற்றில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். இதே போன்ற பரிந்துரைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சேரலாமா வேண்டாமா என்று தயங்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். சேவையை வழங்கிய நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் மதிப்பிட விரும்புவது பெரும்பாலும் முறையைத்தான்.

பிள்ளையை ஒப்படைத்துவிட்டுத் திருத்திய நிலையில் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு போகிறவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். வேலையில் பெரும்பகுதி பெற்றோர் தலையில்தான் விழுகிறது. என் கணக்கில் இந்த முறையின் பலம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

குடும்பவழிச் சிகிச்சை என்ற பெயரில் பல முறைகள் நடைமுறையில் உள்ளன. 1970களில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் அலெக்சாண்டர் உருவாக்கிய ஃபங்ஷனல் ஃபேமிலி தெரபி, ஸ்காட் ஹெங்கலர் உருவாக்கிய மல்டிசிஸ்டமிக் தெரபி, ஹோவர்ட் லிடில் உருவாக்கிய மல்டிடைமென்ஷனல் ஃபேமிலி தெரபி ஆகியவை அவற்றுள் பரவலாக அறியப்பட்டவை. போதைப் பழக்கமும் சட்டமீறலும் பையனின் மனத்துக்குள் மட்டும் முளைப்பவை அல்ல, வீட்டில் யார் கவனிக்கிறார்கள், பள்ளியில் என்ன நடக்கிறது, மாலையில் யாரோடு சுற்றுகிறான் என்பவற்றோடு பின்னிக் கிடப்பவை என்பதே இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை. நடைமுறையில்தான் வேறுபாடு. மல்டிசிஸ்டமிக் முறையில் ஒரு சிகிச்சையாளர் ஒரே நேரத்தில் நான்கு முதல் ஆறு குடும்பங்களை மட்டுமே ஏற்கிறார், வீட்டுக்கே வருகிறார். அவரோ அவருடைய குழுவைச் சேர்ந்த ஒருவரோ இரவு பகல் பாராமல் தொலைபேசியில் கிடைக்க வேண்டும், மூன்று முதல் ஐந்து மாதங்களில் பணியை முடிக்க வேண்டும். லிடிலின் முறையில் பையனைத் தனியாகவும், பெற்றோரைத் தனியாகவும், பிறகு எல்லோரையும் சேர்த்தும் சந்திக்கிறார்கள். எங்களுக்குக் கிடைத்த சேவை மல்டிசிஸ்டமிக் முறைக்கு நெருக்கமானது.

அது எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு தாளைப் பற்றிச் சொன்னால் போதும். “ஏன் இப்படிச் செய்கிறான்?” என்று சிகிச்சையாளர் கேட்கவில்லை, “போன சனிக்கிழமை மாலை ஐந்து மணியிலிருந்து யார் யார் எங்கே இருந்தீர்கள்?” என்று கேட்டார். ஒரு வெள்ளைத் தாளின் நடுவில் வட்டம் போட்டு, அதற்குள் ‘சனிக்கிழமை இரவு கஞ்சா’ என்று எழுதினார். சுற்றிலும் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன: பாட்டி கணக்குக் கேட்காமல் தரும் பணம், அப்பாவின் இரவுப் பணி, பிற்பகல் வகுப்புகளுக்குப் போகாமல் இருப்பது, பெரியவர்கள் இல்லாத நண்பன் வீடு. ஒவ்வொன்றுக்கும் என்ன ஆதாரம் என்று கேட்டுவிட்டுத்தான் எழுதினார். “அவனுக்குத் திமிர், அதையும் எழுதுங்கள்” என்றார் என் மைத்துனர். “அதை இந்த வாரத்துக்குள் நாம் மாற்ற முடியுமா?” என்று அமைதியாகக் கேட்டுவிட்டு, அவர் சொன்னதை எழுதாமல் விட்டார். மாற்றக்கூடிய காரணம் மட்டுமே தாளில் இடம்பெறும் என்ற அந்தக் கறார்த்தனம் எனக்கு மிகவும் பிடித்தது. குற்றம் சாட்டிப் பழகிய ஒரு வீட்டில் பேச்சின் திசையையே அது மாற்றியது.

அதன் பிறகு விதிகள் வந்தன. சிறுநீர்ப் பரிசோதனையைத் தாயே வீட்டில் செய்வது, கஞ்சா இல்லை என்று முடிவு வந்தால் முன்கூட்டியே பேசி வைத்த சலுகைகளை அன்றே கொடுப்பது, இல்லையென்றால் அவற்றை நிறுத்தி வைப்பது என எல்லாவற்றையும் எழுதி எல்லோரும் கையெழுத்திட்டோம். படிக்க எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் சலுகையை நிறுத்தும்போது திட்டக்கூடாது, பழைய கதைகளை இழுக்கக்கூடாது என்பது இருக்கிறதே, அதுதான் என் தங்கைக்கு எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. அந்த நண்பனின் தாயைத் தொலைபேசியில் அழைத்து, இரு வீட்டாரும் பிள்ளைகள் இருக்குமிடத்தை ஒருவருக்கொருவர் உறுதிசெய்துகொள்ளலாம் என்று கேட்கும் பொறுப்பும் அவளுக்கே தரப்பட்டது. அதற்கு முன் சிகிச்சையாளர், எரிந்து விழும் தாயாகத் தானே நடித்து அவளுக்குப் பயிற்சி கொடுத்தார். தாமே அந்த அழைப்பைச் செய்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும், செய்யவில்லை. அவர் விலகிய பிறகும் அந்த வீட்டில் யார் இருக்கப்போகிறார்கள் என்பதை மனத்தில் வைத்தே ஒவ்வொரு வேலையையும் பங்கிட்டார் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

இடையில் பையன் மீண்டும் புகைத்தான். அதற்காக அவனைச் சேவையிலிருந்து நீக்கவில்லை. மறுநாளே புதிய தாள், புதிய வட்டம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதைப் பரிந்துரைக் கடிதத்தோடு வரும் கையேடுகள் ஒருபக்கமாகவே சொல்கின்றன. அமெரிக்காவின் மிசௌரியில் 176 இளங்குற்றவாளிகளிடம் மல்டிசிஸ்டமிக் முறையைச் சோதித்து 1995இல் வெளியான ஆய்வில், நான்கு ஆண்டுகளுக்குள் மீண்டும் கைதானவர்கள் இந்த முறையைப் பெற்ற பிரிவில் சுமார் 26 விழுக்காடு, தனிநபர் சிகிச்சை பெற்ற பிரிவில் சுமார் 71 விழுக்காடு. கையேடுகளில் இந்த எண்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. ஆனால் இங்கிலாந்தில் 684 குடும்பங்களைக் கொண்டு நடந்து 2018இல் வெளியான பெரிய ஆய்வில், பிள்ளைகள் வீட்டை விட்டு வெளியே தங்கவைக்கப்படுவதை 18 மாத அளவில் இந்த முறை வழக்கமான சேவைகளைவிடச் சிறப்பாகத் தடுத்ததாகத் தெரியவில்லை. பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து ஆகிய ஐந்து நாடுகளில் கஞ்சாப் பழக்கம் உள்ள 450 பதின்வயதினரிடம் லிடிலின் முறை சோதிக்கப்பட்டது. அதில் சிகிச்சையைப் பாதியில் விடாமல் தொடரச் செய்வதிலும், கஞ்சாவுக்கு அடிமையான நிலையைக் குறைப்பதிலும் அது தனிநபர் சிகிச்சையை முந்தியது. மாற்றாகக் கிடைக்கும் சேவை ஏற்கெனவே தரமாக இருக்கும் இடத்தில் இந்த முறையின் கூடுதல் பயன் சுருங்கும் என்றே இவற்றைச் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுகிறது.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது, ஃபங்ஷனல் ஃபேமிலி தெரபி குறித்து வாஷிங்டன் மாநிலத்தில் நடந்து 2010இல் வெளியான ஆய்வு. முறையின் நெறிகளை ஒழுங்காகப் பின்பற்றிய சிகிச்சையாளர்களிடம் சென்ற பிள்ளைகளிடம் மறுகுற்றம் குறைந்தது; பின்பற்றாதவர்களிடம் சென்றவர்கள், வழக்கமான நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தவர்களைவிட மேலான நிலையை அடையவில்லை. ஆகவே பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து நம்பிவிட முடியாது. சிகிச்சையாளரின் பணியை வாரந்தோறும் ஒரு மூத்தவர் ஆராய்கிறாரா, சிகிச்சை எப்படி நடக்கிறது என்று பெற்றோரிடம் வேறொருவர் தனியாகக் கேட்டறிகிறாரா என்பதை விசாரிப்பது நல்லது. எங்களுக்கு அத்தகைய அழைப்புகள் வந்தன. கேள்விகள் அலுப்பூட்டின, ஆனாலும் கேட்கிறார்கள் என்பதே ஒரு நம்பிக்கை.

குறைகளுக்கு வருகிறேன். பரிசோதனை முடிவுகள் நன்னடத்தை அலுவலருக்குப் போகுமா, போனால் அது பிள்ளைக்கு எதிராகப் பயன்படுமா என்பதைத் தொடக்கத்தில் யாரும் தெளிவுபடுத்தவில்லை. சிகிச்சையாளர் ஒன்று சொன்னார், அலுவலகம் வேறொன்று சொன்னது. மறுபடி புகைத்ததை ஒப்புக்கொள்வதா, மறைப்பதா என்று ஒரு பையன் கணக்குப் போட வேண்டிய நிலையை உருவாக்கிவிட்டு, மனம் திறந்து பேசு என்று அவனிடம் சொல்வதில் பொருளில்லை. கையெழுத்திடும் முன் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, நடுவில் சிகிச்சையாளர் மாறினார். குறிப்புகள் புதியவரிடம் முழுமையாகப் போய்ச் சேராததால், என் தங்கை எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. பையனுக்கு ஒரு தங்கை இருக்கிறாள் என்பதை இரண்டு சிகிச்சையாளர்களுமே பெரிதாகக் கருதவில்லை என்பது என் தனிப்பட்ட மனக்குறை. வீட்டின் கவனம் முழுவதும் ஒரு பிள்ளையின் பக்கம் சாயும்போது மற்றப் பிள்ளை என்ன ஆகும் என்று யாராவது கேட்டிருக்கலாம்.

குழுச் சிகிச்சையோடு ஒப்பிட்டும் சிலர் கேட்கிறார்கள். தவறான வழியில் போகும் பதின்வயதினரை ஒன்றாக உட்காரவைத்தால் ஒருவர் பேச்சை மற்றவர் சிரித்து ஊக்குவித்து நிலைமை மோசமாகக்கூடும் என்பதை டிஷியான், மெக்கார்ட், பூலின் ஆகிய ஆய்வாளர்கள் 1999இல் விரிவாக எழுதியிருக்கிறார்கள். எல்லாக் குழுக்களும் அப்படி ஆவதில்லை. ஆனாலும் இரண்டும் கிடைக்குமென்றால் நான் வீட்டு வழியையே தேர்வேன்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. மதுவோ அபின் வகைப் பொருள்களோ தூக்க மாத்திரைகளோ உடலில் ஊறிப்போயிருந்தால் முதலில் மருத்துவர் மேற்பார்வையில் அவற்றிலிருந்து உடலை விடுவிக்க வேண்டும். மது, தூக்க மாத்திரை இரண்டையும் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டில் பிள்ளையை அடிப்பவரோ, அதைவிட மோசமாக நடத்துபவரோ இருந்தால், அவரோடு ஒரே அறையில் உட்காரவைப்பதற்கு முன் பாதுகாப்பை உறுதிசெய்ய வேண்டும். பெற்றோரில் ஒருவருக்கே குடிப்பழக்கம் இருந்தால் சேர்க்க மாட்டார்கள் என்று சிலர் பயப்படுகிறார்கள். நல்ல சேவை அதையும் அந்த வட்டத்தைச் சுற்றி எழுதிக்கொண்டு வேலையைத் தொடங்கும்.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். இரவுப் பணியில் இருக்கும் பெற்றோர், அமர்வுகளுக்கான நேரத்தை முதல் சந்திப்பிலேயே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. என் மைத்துனருக்காக அமர்வுகளைக் காலை நேரத்துக்கு மாற்றித் தந்தார்கள், ஆனால் நாங்கள் கேட்ட பிறகுதான்.