சீதன உறுதியா, ஞானஸ்நானப் பதிவேடா?

யாழ்ப்பாணத்தில் வம்சாவளி தேடுகிறவர் முதலில் காணி உறுதியை, அதாவது நிலப் பத்திரத்தைத்தான் எடுக்க வேண்டும் என்பேன். 1707இல் தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை சொத்தை முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) என்று பிரிக்கிறது. அதனால் காணி வந்த வழியையும் உறுதி சொல்லும். அம்மம்மாவுக்கு அவருடைய தாய் கொடுத்த சீதனம் என்றால், தாய்வழியில் இரண்டு தலைமுறை ஒரே தாளில் கிடைத்துவிடும். உறுதியில் வடக்கு எல்லையாக எழுதியிருக்கும் அயல் காணிக்காரரையும் பாருங்கள், பல நேரம் அவரும் சொந்தக்காரர்தான்! வயதை மட்டும் அதில் தேடாதீர்கள்.

அதற்குத்தான் ஞானஸ்நானப் பதிவேடு. திகதி, பெற்றோர், கத்தோலிக்கர் என்றால் ஞானப்பெற்றோரும் இருக்கும். சைவக் குடும்பத்துக்கு உதவாது, அவ்வளவுதான்.

தொழில்முறை ஆய்வாளர் ஒரே ஆவணத்தை நம்பி முடிவெடுக்க மாட்டார். பரம்பரைப் பெயர் இல்லாத ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். அவர்களைப் பிரித்தறியக் காணிப் பெயரும் பிறந்த திகதியும் சேர்ந்தே வேண்டும்.